கல்யாணப் பிளேட்

ஸ்தனிஸ்லாஸ் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு கிழவரின் வாயை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். வாய் என்றால் பிளாஸ்டரில் வார்த்த வாய். நான் ஒரு நிமிஷம் பயந்துதான் போனேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பல் ஆஸ்பத்திரியில் எனக்கு அன்றைக்குத்தான் வேலை கிடைத்திருந்தது. டாக்டர் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்க வேண்டும், துப்புகிற கிண்ணத்தைக் கழுவ வேண்டும், பாதியில் எழுந்து ஓடுகிறவர்களைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். என் பெயர் ராணியம்மாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று டாக்டரே சொல்வார். எழுதும்போதும் அது குறையாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பின்னறையில் பல்செட் கட்டுகிறவர். டாக்டர் பிடுங்குவார், அண்ணன் கட்டுவார். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் பெங்களூருக்கு ஓடிப்போய், ஒரு பல் லேபில் தரை கூட்டச் சேர்ந்து, பன்னிரண்டு வருஷம் கழித்துக் கையில் தொழிலோடு திரும்பி வந்தவர். கன்னடத்தில் அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல்தான். களைத்துப்போனால் "சாக்கு" என்பார். போதும் என்று அர்த்தம். நான் சேர்ந்த வருஷம் ஒரு நாளைக்கு ஒரு தடவை சொல்வார், அதுவும் சாயங்காலம். ஐந்து வருஷம் போய் எண்பத்து நான்கு வந்தபோது, காலையில் அறைக் கதவைத் திறக்கும்போதே சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயதுதான்.

மனுஷரோடு பேச அவருக்கு வராது. பொருள்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவார். பிளாஸ்டர் அவசரக்காரன் என்பார். தண்ணீர் பட்டால் பத்து நிமிஷத்தில் இறுகிவிடும், ஆனால் நகம் பட்டால்கூட உதிரும். மெழுகு சொன்ன பேச்சைக் கேட்கும், வெயிலில் வைத்தால் பேச்சு மாறும். ஈறு நிறத்தில் ஒரு பொடி வரும், அதைத்தான் குழைத்து அச்சில் அமுக்கி, இரும்புப் பெட்டியில் இறுக்கி, தண்ணீரில் மெதுவாக வேகவைத்துப் பிளேட் ஆக்குவார். அடுப்பை அவசரப்படுத்தினால் உள்ளே குமிழ் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள் கடிக்கும்போது அந்தக் குமிழ் இருக்கிற இடத்தில்தான் உடையும்.

நிஜப் பல்லைப் பற்றி அவர் பேசினால் குரலே வேறு. டாக்டர் பிடுங்கிப் போட்ட ஒரு பல்லை ஒருமுறை என்னிடம் கொடுத்துக் கத்தியால் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

"மேல் ஓடு அவ்ளோ கெட்டிங்க ராணிம்மா. ஆனா ஓடு மட்டும் இருந்தா கண்ணாடி மாதிரி விரிஞ்சு போயிரும். உள்ள இருக்கறது கொஞ்சம் விட்டுக் குடுக்கும். அது மட்டும் இருந்தா தேஞ்சு போயிரும். ரெண்டும் ஒண்ணா இருக்கறதாலதான் அறுவது வருஷம் அரைக்குது. நான் கட்டறது எல்லாம் பாக்கத்தான் பல்லு. இதுல அஞ்சுல ஒரு பங்கு பலம்கூட வராது."

இவ்வளவு தெரிந்த மனுஷர்தான் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல்யாணப் பிளேட் கட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிணறு வற்றி ஆழமாகப் போர் போட்ட ஊர்களில் பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்து முளைக்கிற பல்லே பழுப்பாகத்தான் முளைக்கும். சிலருக்குக் குறுக்கே காவிக் கோடு, சிலருக்குப் பொத்தல் பொத்தலாகக் கறை. சாம்பல், செங்கல் பொடி, எலுமிச்சை என்று என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஊரில் எல்லாருக்கும் அப்படி இருப்பதால் யாரும் யாரையும் சொல்லிக் காட்டுவதில்லை. பெண்ணை வெளியூரில் கொடுக்கும்போதுதான் வம்பு. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் மாப்பிள்ளை வீட்டார் கையை எடுக்கச் சொல்வார்கள்.

அதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த வழி இது. கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணை இங்கே கூட்டி வருவார்கள். மேல்வரிசையில் முன்னால் இருக்கிற நாலு பல்லையும் பிடுங்கிவிட்டு வெள்ளைப் பல் வைத்த பிளேட்டை மாட்டி அனுப்ப வேண்டும். நாலும் நல்ல பல். ஆட்டினால் ஆடாது. டாக்டர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டித்தான் எடுப்பார். "சொத்தை இல்லாத பல்லை எதுக்கும்மா பிடுங்கணும்?" என்று ஆரம்பத்தில் அவரும் கேட்டுப் பார்த்தார். அதற்குப் பெண்களின் அம்மாக்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் மாறாமல் அதையே சொல்வார்கள்.

"முன்னாடிப் பல்லு என்னாத்துக்குங்க ஒதவுது? களியப் பிட்டுக் கொழம்புல தொட்டு முழுங்கறோம். கடிக்கறதுக்கு அங்க என்ன வேல? போட்டோவுக்குத்தான அது?"

மூன்று வேளையும் கேழ்வரகுக் களியை மெல்லாமல் முழுங்கி வளர்ந்த ஊரில் இந்த நியாயத்தை யார் மறுப்பது? டாக்டர் கேட்பதை விட்டுவிட்டார். அண்ணன் கேட்கவே இல்லை. முதலில் மாவைக் குழைத்துப் பெண்ணின் வாயில் அழுத்தி அளவெடுப்பார். பிளாஸ்டரில் வார்ப்பார். வார்த்த வாயில் அந்த நாலு பல்லையும் கத்தியால் சீவி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைப் பல்லை வைத்து, பக்கத்துப் பல்லில் மாட்டிக்கொள்ளக் கம்பியும் வைத்துக் கட்டுவார். பிறகு குறித்த நாளில் டாக்டர் பிடுங்கினதும், ரத்தம் நிற்பதற்குள் பிளேட்டை வைத்து அழுத்திவிடுவார். ஒரு மணி நேரத்தில் பெண் வீங்கின உதட்டோடு, வெள்ளைப் பல்லோடு பஸ் ஏறிவிடும். அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பாவமாக இருக்கும். ஆனால் நானும் ஒன்றும் சொன்னதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

எண்பத்து நான்கில் அவருடைய மகள் பாக்கியமேரிக்கு வரன் வந்தது.

பாக்கியமேரிக்கு இருபத்து மூன்று வயது. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டுக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். எட்டு வயதுவரை பாட்டன் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் அவளுக்கும் முன்னால் நாலு பல்லும் காவி. அதை மறைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் அதே பல்தான், யாரிடம் மறைப்பது என்பாள். சேலத்து மாப்பிள்ளை. பெயர் இன்னாசிராஜ். ஒரு மில்லில் சூப்பர்வைசர். பார்க்க லட்சணமாக இருந்தார். அவளுக்குப் பிடித்திருந்தது என்பது, காப்பித் தட்டை அவள் நடுங்காமல் பிடிக்கப் பட்ட பாட்டிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அண்ணன் மனைவி மதலேனம்மாளுக்கு ஒத்தாசையாக நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா ரோசம்மா கெட்ட பொம்பளை என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. அந்த நாலு பல்லு மட்டுந்தான். நீங்களே இந்தத் தொழில்ல இருக்கறீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? எங்க சொந்தத்துல ரெண்டு மருமவளுங்க உங்க கையால கட்டிக்கிட்டவங்கதான். கட்டினதுன்னு சொன்னாத்தான் தெரியும். மொத ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி முடிச்சுருங்க."

மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து ஊரறியச் சொன்ன பிறகுதான் அவர்களில் கல்யாணம். முதல் ஓலைக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை தட்டில் இருந்த மிக்சரில் நிலக்கடலையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அண்ணன் சொன்னார், "முடியாது." அவ்வளவுதான். மதலேனம்மாள் அழுது பார்த்தாள். வந்த இரண்டு வரன் இதே பல்லால் தட்டிப்போனதைச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது நல்ல பல்லு. நெறந்தான் கெட்டுது, பல்லு கெடல" என்றார்.

பாக்கியமேரி அதுவரை கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளைங்களுக்கும் நல்ல பல்லுதானேப்பா?"

அவர் திரும்பவில்லை.

"எத்தன பேருக்குக் கட்டினீங்க? அம்பது பேரு இருக்குமா? அவங்க அப்பன் ஒருத்தருக்காச்சும் இது நல்ல பல்லுன்னு சொல்லி அனுப்புனீங்களா? எனக்குன்னா மட்டும் கசக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பனை இப்படிக் கேட்கலாமா என்று ஒரு பக்கம் தோன்றியது. கேட்டதில் ஒரு எழுத்துத் தப்பில்லையே என்றும் தோன்றியது. அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த பத்து நாள் அவர் வேலை பார்த்த லட்சணத்தை நான்தான் பார்த்தேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடைய செட்டை வேகவைக்க அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எடுத்துப் பார்த்தால் பிளேட் முழுக்கக் குமிழ். இருபது வருஷத்தில் அப்படி ஆனதில்லை. "சாக்கு" என்று சொல்லிவிட்டு அதைக் குப்பையில் போட்டார். அவர் ஓய்ந்துபோயிருந்தார். திட்டலாம் என்று வாயெடுத்தவள் பேசாமல் டீ வாங்கி வந்து வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தீர்த்தம்மாள் வந்தாள். பென்னாகரம் பக்கம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பிளேட் கட்டிக்கொண்டு போனவள், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் பெண். இடுப்பில் குழந்தை, வாயில் முந்தானை. கையிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்துப் பிளேட்டை மேஜையில் வைத்தாள். வெயிலில் காய்ந்த அப்பளம் போல முறுக்கிக் கிடந்தது.

"என்னம்மா பண்ணின?" என்றார் அண்ணன்.

"கொழந்தைக்குப் பால் ஊத்தற பாலாடைய கொதிக்கற தண்ணியில போட்டு எடுப்பேனுங்க. இதையும் அதோட சேத்துப் போட்டா சுத்தமா இருக்குமேன்னு போட்டுட்டேன். எடுத்துப் பாத்தா இப்பிடி ஆயிருச்சு. வாயில நிக்க மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு டீக்கடையில ஒக்காந்துருக்காரு. பல்லு வலின்னு சொல்லி இருக்கேன். சீக்கிரம் பண்ணிக் குடுங்கண்ணா."

பாக்கியமேரி அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அண்ணன் அவளைக் கிட்டே கூப்பிட்டார். தீர்த்தம்மாளின் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். பல் இருந்த இடத்தில் எலும்பு கரைந்து ஈறு உள்ளே குழிந்துபோயிருந்தது. பிளேட் உரசி உரசி அண்ணம் முழுக்கச் சிவந்து கிடந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த இடத்தில் மட்டும் கிழவி வாய்.

"பாத்துக்க. பல்லு இருந்தாத்தான் எலும்பு இருக்கும். பல்லு போனா எலும்பும் எறங்கிப் போவும். இப்ப பிளேட்டு புதுசா கட்டினாலும் மொத மாதிரி நிக்காது."

சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து காட்டுகிற மாதிரி அவர் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. தீர்த்தம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உதட்டை விடுவித்துக்கொண்டு பாக்கியமேரியைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குக் கல்யாணமா? பயப்படாத கண்ணு, கட்டிக்க. நாலு நாளு வலிக்கும், அப்புறம் பழகிரும். இந்தப் பல்லு இல்லாட்டி நான் இன்னும் எங்கம்மா வூட்லதான் ஆடு மேச்சுட்டு இருப்பேன். எனக்கு வாழ்க்க குடுத்ததே உங்கப்பாதான்."

அண்ணன் முகம் அப்போது போன போக்கை நான் என்ன சொல்ல? மகளைப் பயமுறுத்தக் கூப்பிட்டார், சாட்சி மாறிவிட்டது.

"அவருக்குத் தெரியவே தெரியாதாக்கா?" என்று கேட்டாள் பாக்கியமேரி.

"ம்ஹூம். தூங்கறப்பக்கூடக் கழட்டறதில்ல. அவரு எந்திரிக்கறதுக்குள்ள கெணத்துக்குப் போயி கழுவிட்டு வந்துருவேன்." அதைச் சொல்லும்போது தீர்த்தம்மாள் குரலில் ஒரு பெருமை இருந்தது. ஐந்து வருஷம் ஒரு வீட்டில் ஒரு பொருளை ஒளித்து வைப்பது சின்னக் காரியமா?

புதுப் பிளேட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுத் தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனதும் பாக்கியமேரி சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்தாள். பிறகு நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "அளவெடுங்கப்பா" என்றாள்.

அவர் எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். எத்தனை நாள்தான் அந்த வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க முடியும்? மதலேனம்மாள் அடுப்பு மூட்டி மூன்று நாள் ஆகியிருந்தது, பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு போய்க்கொண்டிருந்தது. மாவைக் குழைத்துத் தட்டில் வைத்து மகள் வாயில் அழுத்திப் பிடித்தார். "மூக்கால மூச்சு வுடு" என்று மட்டும் சொன்னார். எல்லாப் பெண்களிடமும் சொல்வதுதான்.

அச்சில் பிளாஸ்டரை ஊற்றினார். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். கையில் எடுத்தால் உயிருள்ள சாமான் மாதிரி வெதுவெதுவென்று இருக்கும். மற்றவர்களுடையதை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். இதைக் கையில் வைத்துக்கொண்டே, சூடு ஆறுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு கத்தியை எடுத்தார். பிளாஸ்டரில் கறை தெரியாது. பாக்கியமேரியின் நாலு பல்லும் அதில் வெள்ளை வெளேரென்று, வரிசையாக, அத்தனை அழகாக இருந்தன. ஒவ்வொன்றாகச் சீவினார். ஒரு அழுத்து, உடனே உதிர்ந்தது. நாலும் போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போய்க் கிண்ணத்தைக் கழுவினேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

முதல் ஓலைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பிடுங்குவதாக முடிவாயிற்று. மதலேனம்மாள் புது ரவிக்கைத் துணிகூட வாங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பாக்கியமேரி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஊசியில் மருந்தை ஏற்றித் தட்டில் வைத்தேன். டாக்டர் முன்னறையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் பிளேட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"காட்டுங்க" என்றாள். வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் கட்டினதிலேயே நல்ல வேலை அது. எது நிஜம் எது கட்டினது என்று கூடப்பிறந்தவர்களாலும் சொல்ல முடியாது.

"இது எத்தன வருஷம்ப்பா வரும்?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு, "அஞ்சு வருஷம்" என்றார்.

"அப்புறம்?"

"ஈறு எறங்கிரும். ஆட ஆரம்பிக்கும். வேற கட்டணும். கம்பி மாட்டி இருக்கற பக்கத்துப் பல்லு ரெண்டும் அதுக்குள்ள ஆட்டம் குடுத்துரும். அடுத்த பிளேட்டு ஆறு பல்லா கட்டணும்."

"அப்புறம்?"

"அப்புறம் எட்டு. நாப்பது வயசுக்குள்ள மேல் வரிச பூராம் நான் கட்டினதாத்தான் இருக்கும்."

"சூடு தெரியுமா, சில்லுன்னு தெரியுமா?"

"தெரியாது. அண்ணத்த மூடிரும். காப்பி தொண்டைக்குப் போனப்புறந்தான் சுடும்."

ஒரு வியாபாரியிடம் கேட்பது போல அவள் கேட்டாள். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் போல அவர் சொன்னார்.

"இதெல்லாம் அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலம்மா."

பாக்கியமேரி பிளேட்டைக் கிண்ணத்தில் போட்டாள். கழுத்தில் நான் கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"தெரியாம பிடுங்கிக்கிட்டவங்க பிடுங்கிக்கிட்டாங்க. தெரிஞ்சுக்கிட்டு என்னால முடியாதுப்பா."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். டாக்டர் உள்ளே வந்து, "எங்கம்மா பேஷண்ட்?" என்று கேட்டார். அண்ணன் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஊசியை நான்தான் எடுத்து வைத்தேன்.

ஓலை வாசிக்கப்படவில்லை. ரோசம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள், கோபமாகக்கூட இல்லை, தோதுப்படவில்லை என்று. இன்னாசிராஜ் ஒரு கடிதாசியாவது போடுவார் என்று பாக்கியமேரி நம்பினாளோ என்னவோ, ஒரு மாதம் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நின்றாள் என்று மதலேனம்மாள் சொன்னாள். ஒன்றும் வரவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு இன்றுவரைக்கும் ஆத்திரம் தீரவில்லை. பிறகு அவள் வாசலில் நிற்பதை விட்டுவிட்டாள். வேறு வரனும் வரவில்லை.

அண்ணனிடம் ஒரு மாற்றம் வந்தது. கல்யாணப் பிளேட்டுக்கு யார் வந்தாலும் அளவெடுக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து வருஷம், எலும்பு, கம்பி மாட்டின பல், ஆறு, எட்டு. ஒன்றையும் விடாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. சொன்னால் திரும்பிப் போவார்கள் என்று அந்த மனுஷர் நினைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் கொஞ்சம் சோர்ந்துபோனதுதான் மிச்சம்.

அடுத்த தை மாசம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கம், வேதக்காரர்கள், அண்ணன் வீட்டார் போலவே கிறிஸ்தவர்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், தலை நிமிரவே இல்லை. அண்ணன் ஒப்பிக்க ஆரம்பித்தார். அந்த அம்மா பாதியிலேயே சிரித்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல கல்யாணம் ஆவட்டும். சேலத்து எடங்க. மாப்ள மில்லுல சூப்பர்வைசரு, இன்னாசிராஜ்னு பேரு. மாப்ளையோட அம்மாவேதான் சொல்லி அனுப்புனாங்க, தருமபுரியில கட்டறதுன்னா ஸ்தனிஸ்லாஸ்கிட்டயே கட்டுங்க, அவரு கை மாதிரி வராதுன்னு."

என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லும்மா. பிடுங்கட்டுமா?" என்றார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையை ஆட்டினாள். பெண்ணும் ஆட்டியது. அண்ணன் மாவைக் குழைத்தார்.

அவர்கள் போகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு விட்டேன்.

"உங்களுக்குச் சூடு சொரணை இருக்குதாண்ணா? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாதா? எவ வூட்டுப் பொண்ணுக்கோ, எவனுக்கோ... அதுவும் அவனுக்கு!"

"சொல்லலாம். வேற யாருகிட்டயாச்சும் போயி கட்டிக்கும்" என்றார் அண்ணன். "அவசரமா வேக வெச்சுக் குடுப்பாங்க. ரெண்டு வருஷத்துல கல்யாண வூட்லயோ எங்கயோ நாலு பேரு முன்னாடி ஒடஞ்சு வுழும். நான் கட்டினா அஞ்சு வருஷம் நிக்கும். வேற என்ன என்னால முடியும், சொல்லுங்க?"

நான் விழுந்த தட்டை மறுபடி கழுவி வைத்தேன்.

அன்று சாயங்காலம் நானும் அவரோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்றுதான். பாக்கியமேரி ஜன்னல் ஓரத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார். யார் வந்தது, எந்த மாப்பிள்ளை, அளவெடுத்தது, எல்லாம். மதலேனம்மாள் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்கியமேரி கையிலிருந்த பேப்பரைக் கடைசிக் கேள்விவரை திருத்தினாள். கூட்டல் போட்டாள். மார்க்கை மேலே எழுதி வட்டம் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"மெதுவா வேக வெச்சு நல்லாக் கட்டிக் குடுங்கப்பா" என்றாள். "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு."